இரண்டு மூன்று வேலைகளும் வீடும்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

ஒரு சம்பளம் போதாமல் இரண்டாவது, மூன்றாவது வேலைக்குப் போக முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கோவை கணபதியில் இருக்கிறேன். பகலில் காந்திபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதோடு 21 மாதம் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றேன், இடையில் மூன்று சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கும் சேர்ந்தது. கணவருக்கு லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை. ஏழாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், கூடவே என் அத்தை, அதாவது கணவரின் அம்மா.

என்னைப் பார்த்து இதே மாதிரி தொடங்கிய ஐந்தாறு பேரைப் பக்கத்திலிருந்து கவனித்திருக்கிறேன். உழைக்க யாரும் அஞ்சவில்லை. வேலையை முதலில் பிடித்துவிட்டு, வீட்டையும் உடம்பையும் அதற்குள் அடக்கப் பார்த்தார்கள். அங்கேதான் தடுக்கியது. அதனால் இதில் வரிசைதான் முக்கியம், தயவுசெய்து இடையில் குதிக்காதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டர் ஒன்று, போன மாதம் வீட்டில் ஆன செலவு முழுவதும் எழுதிய தாள், அப்புறம் தொடாமல் வைக்கப் பத்தாயிரம் ரூபாய். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதலில் அதைச் சேருங்கள். புது வேலையில் முதல் மாதம் பணம் வருவதை விடப் போவதுதான் அதிகம். பெட்ரோல், பாத்திரம், கவர், ரீசார்ஜ் என்று போகும். அந்தச் செலவுக்குக் கைமாற்று வாங்கினால் ஆரம்பத்திலேயே ஒரு கடன் கூடிவிடும்.

1. ஒரு தொகை, ஒரு தேதி

"கொஞ்சம் கூடச் சம்பாதிக்கணும்" என்று நினைத்துத் தொடங்காதீர்கள். அந்தக் 'கொஞ்சம்' நிறையவே நிறையாது. எனக்கு நாத்தனார் கல்யாணத்துக்கு அடகு வைத்த நகை, 1,80,000 ரூபாய். மாதம் 10,000 அசல், வட்டி தனி, 18 மாதம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

தேதி எதற்கு என்றால், வீட்டில் மற்றவர்கள் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளிடம் "அடுத்த வருஷம் தைப்பொங்கல் வரைக்கும்" என்று சொன்னால் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது. "நிலைமை சரியாகிற வரைக்கும்" என்றால் எல்லையே இல்லை.

போட்ட தேதிக்கு மேல் மூன்று மாதம் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மகனுக்குக் காய்ச்சல், ஒரு மாதம் மாவு சரியாக ஓடவில்லை, கணக்கு வேலை கிடைக்கவே மூன்று மாதம் ஆனது, ஆக 18 என்றது 21 ஆயிற்று. அந்த மூன்று மாதமும் வீட்டில் எல்லாருக்கும் பாரமாக இருந்தது.

2. வாரத்தின் 168 மணி நேரத்தைத் தாளில் போடுங்கள்

நாளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். "ராத்திரி ரெண்டு மணி நேரம் இருக்கே" என்று தோன்றும். வாரமாகப் போடுங்கள்.

என் தாளில் இருந்தது இது. கடை ஒன்பதரையிலிருந்து ஆறு வரை, போக வர ஒரு மணி நேரம், ஆறு நாளைக்கு 57. மாவு வேலை தினம் மூன்றரை மணி நேரம், ஆறு நாளைக்கு 21. கணக்கு வேலை 3. தூக்கம் ஆறரை மணி நேரம் வீதம் 45.5. சமையல், துணி, பாத்திரம் தினம் மூன்று மணி நேரம், அது 21. குளியல், சாப்பாடு என்று எனக்கே எனக்கு ஒன்றரை மணி நேரம், அது 10.5. கூட்டினால் 158. மிச்சம் வாரத்துக்கு 10 மணி நேரம்.

அந்தப் பத்தைக் கண்ணால் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை, ஒரு துக்க வீடு, ஒரு விசேஷம், பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம், எல்லாமே அந்தப் பத்துக்குள் வர வேண்டும். தாள் மட்டும் போடாமல் இருந்திருந்தால் தையல் வேலை ஒன்றையும் ஒத்துக்கொண்டிருப்பேன். கேட்டு வந்திருந்தார்கள்.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது ஷிப்ட் மாறி மாறி வருமானால் ஒரே அட்டவணை போதாது. முதல் ஷிப்ட் வாரத்துக்கு ஒரு தாள், இரண்டாவது ஷிப்ட் வாரத்துக்கு ஒரு தாள் என்று போட்டு, இரண்டையும் பீரோக் கதவில் ஒட்டுங்கள். நாங்கள் முதலில் ஒன்றுதான் போட்டோம். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் கிரைண்டர் போட வீட்டில் ஆளே இல்லை.

3. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். "நான்தானே கஷ்டப்படப் போறேன், அவங்க கிட்ட என்ன கேக்கறது" என்ற எண்ணம். நீங்கள் வீட்டில் செய்துகொண்டிருந்த வேலை வேறு யார் கைக்காவது போகத்தான் போகிறது. போன பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது அவர்களுக்கு மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருங்கள். எல்லாரும் வயிறு நிறைந்து இருக்கிற நேரம். டிவியை அணைத்துவிடுங்கள். தாளை நடுவில் வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் யார் என்று பெயர் எழுதுங்கள். "எல்லாரும் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை.

எங்கள் வீட்டில் நான் அத்தையிடம் கேட்டேன். "ஏனுங் அத்தை, ரெண்டு மணிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுருவீங்களா? நான் கடையில இருப்பேன்." அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்கள். "ஊறப் போடறது எனக்குப் பெரிய வேலையா கண்ணு? ஆனா அந்தச் சட்டியத் தூக்கிக் கழுவச் சொல்லாத, முட்டி தாங்காது. அப்புறம் செவ்வாக்கிழமை நான் கோயிலுக்குப் போவணும், அன்னிக்கு என்னைய எதிர்பாக்காத." இந்தப் பதில் எனக்குத் தங்கம் மாதிரி. எது முடியும், எது முடியாது, எந்த நாள் இல்லை, மூன்றும் அதில் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அரிசியைக் காலையிலேயே ஊறப் போட்டுவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன்.

கணவர் மாவு வேலையில் பாதியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். முதல் ஷிப்ட் வாரம் அரைப்பது அவர், இரண்டாவது ஷிப்ட் வாரம் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவர். மகளுக்கு ஒரே ஒரு வேலை, சாயங்காலம் தம்பியின் பையைத் திறந்து டைரி பார்ப்பது. அதற்கு மேல் அவளுக்குக் கொடுக்கவில்லை. பெண் பிள்ளை என்பதால் வீட்டு வேலை முழுக்க அவள் தலையில் இறங்கிவிடும், அதை நானே பார்த்து வளர்ந்தவள், அதனால் இதில் கறாராக இருந்தேன்.

4. முதல் வேலைக்குப் பங்கம் வராமல் பாருங்கள்

மாதம் பிறந்தால் சம்பளம் தரும் வேலைதான் அடித்தளம். அடுத்த வேலை தேடும் முன் இங்கே அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு ஊழியர் என்றால் 1973-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். முன் அனுமதி இல்லாமல் தனி வியாபாரமோ வேறு வேலையோ செய்யக் கூடாது. தொழிற்சாலைத் தொழிலாளி ஒரே நாளில் இன்னொரு தொழிற்சாலையிலும் வேலை செய்யக் கூடாது என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஓய்வில்லாத உடம்பு இயந்திரத்தின் முன் நின்றால் விரல் போகும், அதுதான் காரணம். அப்படிப்பட்டவர்கள் வெளியே அலைவதை விட, இருக்கிற இடத்திலேயே ஓவர்டைம் கேட்பது மேல். சட்டப்படி அதற்கு இரட்டிப்புக் கூலி. தனியார் கம்பெனி என்றால் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படியுங்கள்.

நான் எங்கள் முதலாளியிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "அண்ணா, வீட்டுல மாவு வியாபாரம் ஆரம்பிக்கிறேனுங்க. அப்புறம் வெளிய ரெண்டு கடைக்குக் கணக்கும் பாக்கலாம்னு இருக்கேன்." அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம லைன்ல இருக்கிற கடையா இருந்தா வேண்டாம்மா. மத்தபடி கடை நேரத்துல அந்த போன் வராம பாத்துக்க." நியாயமான பேச்சு. மறைத்துச் செய்திருந்தால் 21 மாதமும் வயிற்றில் நெருப்புத்தான்.

5. இரண்டாவது வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது

மாதம் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள். செலவு போக மணிக்கு எவ்வளவு நிற்கும் என்று பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

மாவுக் கணக்கைத் திறந்து காட்டுகிறேன். நான் தொடங்கியபோது இருந்த விலை இது. தினம் 20 கிலோ மாவுக்கு இட்லி அரிசி 8 கிலோ, கிலோ 45 என்று 360 ரூபாய். உருட்டு உளுந்து 2 கிலோ, 130 வீதம் 260. வெந்தயம், உப்பு 20. கவர் 20. கரண்ட் 20. மொத்தம் 680. கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் 1,000. பெட்ரோல் 30 போக நிற்பது 290. கழுவுவது, அரைப்பது, கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். ஆக மணிக்கு 83 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 7,540.

கடைக் கணக்கு மாதம் ஒன்றுக்கு 1,500 வீதம் மூன்று கடைக்கு 4,500. மாதத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். மணிக்கு 375. எழுதிப் பார்க்கும் வரை நான் மாவைத்தான் பெரிய வருமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்த தொழிலை இன்னும் கொஞ்ச நேரம் செய்வதற்குத்தான் பெரும்பாலும் அதிகக் கூலி கிடைக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் வரும், ஒரு கடைக்காரர் இன்னொருவரிடம் சொல்லி வர வேண்டும். மாவுக்கு மறுநாளே காசு. அதனால் மாவில் தொடங்கி, கணக்கைப் பின்னால் சேர்த்தேன்.

தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். பகல் வேலை உட்கார்ந்து செய்வது என்றால் அடுத்தது உடம்பு அசைகிற வேலையாக இருக்கட்டும். நாள் முழுக்க நின்று செய்கிறவர்கள் இரவில் உட்கார்ந்து செய்யும் வேலை தேடுங்கள். ஒரே இடுப்பும் ஒரே கண்ணும் இரண்டு வேலையையும் தாங்காது.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் பகலில் மில் வேலை, இரவில் வண்டியில் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. "அக்கா, ஒரு நாளைக்கு அறுநூறு வருது" என்றான். பெட்ரோல் 150 எடுத்துவிட்டு, டயர், ஆயில், சங்கிலி என்று வண்டிக்கு நாளுக்கு 60 ஒதுக்கி, ஆறு மணி நேரத்தால் வகுத்துக் காட்டினேன். மணிக்கு 65 ரூபாய். இரவு பதினொன்றரை மணிக்கு அவினாசி ரோட்டில், லட்சுமி மில் சிக்னலில் நிற்கும்போதே கண் அசந்து வண்டியோடு சாய்ந்தவன் அவன். முழங்கை தோல் உரிந்ததோடு போனது. இப்போது சனி, ஞாயிறு பகலில் மட்டும் ஓட்டுகிறான்.

வீட்டில் உணவுப் பொருள் செய்து விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவை முதல் வாரமே எடுத்துவிடுங்கள். ஆன்லைனிலேயே முடியும், நான் எடுத்தபோது சிறு வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். மின்வாரிய அலுவலகத்தில் வீட்டு இணைப்பு பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். பத்து யூனிட் கூடியதற்குப் பில் பல நூறு ஏறி நிற்கும்போது, கிரைண்டர்தான் காரணம் என்பதே பலருக்குப் புரிவதில்லை.

6. மூன்று மாதம் ஓட்டிய பிறகுதான் அடுத்தது

பக்கத்து வீட்டு அக்கா ஒரே மாதத்தில் மாவு, தையல், சேலை வியாபாரம் மூன்றையும் தொடங்கினார்கள். ஐம்பது நாளில் மூன்றும் நின்றது. எதில் நேரம் போகிறது, எதில் பணம் போகிறது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒரு வேலை கைக்குப் பழகப் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். முதல் மாதம் எனக்கு மாவு வேலை நாலரை மணி நேரம் எடுத்தது, மூன்றாவது மாதம்தான் மூன்றரைக்கு வந்தது. எந்த வீட்டுக்கு முதலில் போனால் வழி சுருங்கும், எந்தக் கவர் கிழியாது, மார்கழிக் குளிரில் ஒரு மணி நேரம் முன்னதாக அரைத்து வைத்தால்தான் காலைக்குள் பொங்கும், சித்திரையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்காவிட்டால் விடிவதற்குள் புளித்துப்போகும், இதெல்லாம் செய்து செய்துதான் தெரியும். மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தில்தான் அடுத்த வேலைக்கு இடம். தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது.

7. மாதக் காலண்டரில் இடிக்கும் நாட்களைக் குறியுங்கள்

தினசரி அட்டவணை எவ்வளவு சரியாக இருந்தாலும் மாதத்தில் நாலைந்து நாள் அது உடையும். எந்த நாள் என்று முன்பே தெரிந்தால் சமாளிக்கலாம்.

என் காலண்டரில் 11-ம் தேதி சிவப்பு, ஜிஎஸ்டிஆர்-1, அதாவது கடையின் விற்பனை விவரம் போட வேண்டும். 20-ம் தேதி சிவப்பு, 3பி, அது வரி கட்டும் ரிட்டர்ன். ஒரு நாள் தள்ளினாலும் கடைக்காரருக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அப்புறம் அவர் என்னிடம் ஏன் வர வேண்டும். அமாவாசை, கிருத்திகை பச்சை. பெரியவர்கள் இரவு பலகாரம் சாப்பிடும் நாள், மாவு அஞ்சு கிலோ கூடப் போகும். மகளின் பரீட்சை நாட்கள் நீலம். அமாவாசையும் 20-ம் தேதியும் ஒரே நாளில் வந்தால், 3பி வேலையை 17-ம் தேதியே முடித்து வைத்துவிடுவேன். கடைக்காரர்களிடம் பில்களை 5-ம் தேதிக்குள் கேட்டு வாங்கிவிடுவது அதனால்தான்.

மார்ச் மாதம் எல்லாப் பக்கமும் சேர்ந்து இடிக்கும். கடையில் ஸ்டாக் எடுப்பது, கணக்கு முடிப்பது, பிள்ளைகளுக்கு ஆண்டுப் பரீட்சை. அந்த மாதம் மாவை 20 கிலோவிலிருந்து 12-க்குக் குறைத்தேன். குறைப்பதைப் பிப்ரவரியிலேயே வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டதால் யாரும் கோபப்படவில்லை.

8. அடுப்படியை எளிமையாக்குங்கள்

காலையில் குழம்பு, பொரியல், ரசம் என்று எல்லாம் வைத்துக்கொண்டு மூன்று வேலை பார்க்க முடியாது. ஒரு குழம்பு, ஒரு காய். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம், பூண்டு உரித்து, புளியைக் கரைத்துக் கொதிக்கவைத்து, தேங்காயைத் துருவி டப்பாக்களில் அடைத்துவிடுவேன். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம், வார நாளில் தினம் இருபது நிமிஷம் மிச்சம்.

அரசு தரும் வசதியை எடுத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். மகன் படிப்பது மாநகராட்சித் தொடக்கப் பள்ளி, 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அங்கே உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு அங்கேயே சாப்பிட்டான். எனக்குக் காலையில் ஒரு டிபன் குறைந்தது. கடைக்குப் போக வரச் சாதாரணக் கட்டண டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூலி வேலை, தையல், ஆட்டோ, வீட்டு வேலை செய்கிறவர்கள் அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்து வைத்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். 18 வயதிலிருந்து 60 வயது வரை பதியலாம்.

9. பிள்ளைகளுக்கு மீந்த நேரத்தைக் கொடுக்காதீர்கள்

நான் இதில் தவறினேன். முதல் இரண்டு மாதம், எல்லா வேலையும் முடித்துவிட்டு ஒன்பதரைக்குப் பிள்ளைகளிடம் போனால் சின்னவன் தூங்கியிருப்பான், பெரியவள் புத்தகத்தை மூடியிருப்பாள். ஒரு நாள் அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "அம்மா கிட்ட கேட்கணும்" என்று மேலே எழுதி, கீழே ஆறு விஷயம் வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருந்தாள். நாலாவது, தோழிக்கும் அவளுக்கும் சண்டை. ஐந்தாவது, உடம்பு பற்றிய ஒரு சந்தேகம். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து மாற்றினேன். கடையிலிருந்து ஆறரைக்கு வந்ததும் முதல் அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு, ஏழு மணிக்குத்தான் கிரைண்டர். போன் அரிசி டப்பாவின் மேல், சத்தம் இல்லாமல். காபியைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன், அவர்கள் பேசினால் பேசுவார்கள், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம். வேலைக்கு முன்னால் கொடுக்கிற நேரத்தை வேலையால் தின்ன முடியாது. பின்னால் வைத்தால் தினமும் தின்றுவிடும்.

மகன் மாவு கட்டும்போது பக்கத்தில் வந்து நிற்பான். ரப்பர் பேண்டை எண்ணிக் கொடுப்பான், இருபது வரைக்கும் தப்பில்லாமல் எண்ணப் பழகியது அங்கேதான். அது அவனுக்கு விளையாட்டு. அதை ஒரு வேலையாக மாற்றி, "இன்னும் எண்ணலியா" என்று அதட்டத் தொடங்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

கணவன் மனைவிக்கும் நேரம் எழுதுங்கள். நாங்கள் ஞாயிறு காலை மாவு இல்லாத நாளில், உழவர் சந்தைக்குச் சேர்ந்து நடந்து போனோம். காய் வாங்கிய மாதிரியும் ஆயிற்று, பேசின மாதிரியும் ஆயிற்று.

10. தூக்கத்தைக் கடைசியாகக் கூடத் தொடாதீர்கள்

இரவு பத்தேகாலுக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்தேன், ஆறரை மணி நேரம். அதுவே எனக்குக் குறைவுதான், ஞாயிறு மத்தியானம் சேர்த்துத் தூங்கினேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களை விடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்கிறது. என் தாளில் கணவரின் பங்கையும், கடைக்குப் போக வர ஆகிற நேரத்தையும் கழித்த பிறகும் 64 மணி நேரத்துக்கு மேல். நான் 18 மாதம் என்று எல்லை போட்டதற்கு நகை மட்டும் காரணமில்லை.

மூன்று அறிகுறிகளை எழுதி வைத்திருந்தேன். பில்லில் எண்ணை மாற்றி எழுதுவது, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவது, படுத்ததும் தூக்கம் வராமல் போவது. இரண்டு ஒரே வாரத்தில் வந்தால் மறுவாரம் மாவு மூன்று நாள்தான். அந்த மூன்று நாள் நஷ்டம் 870 ரூபாய். கண் அசந்து கிரைண்டரில் கை போனால் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

11. கூடுதல் பணத்தைத் தனியாக வையுங்கள்

மாவுக்காசு வீட்டுச் செலவோடு கலந்தால் காணாமல் போகும். தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, ஜிபேயில் வருவது அதில் விழும்படி செய்தேன். ரொக்கத்தைச் சனிக்கிழமைதோறும் போட்டேன். மாதம் முதல் தேதி அதிலிருந்து அடகுக்கு நேராகப் போகும். நகைக்கடனை வருடம் முடிந்தால் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், அந்தத் தேதியும் காலண்டரில் இருக்கட்டும்.

இரண்டு இடத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு முதலாளிகளும் தனித்தனியாக வரிவிலக்கைக் கழித்துக் கணக்குப் போடுவார்கள், பிடித்தம் குறைவாக இருக்கும். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டச் சொல்லும். ஒரு இடத்தில் இன்னொரு சம்பளத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள்.

மாதம் 300 ரூபாய் மட்டும் வீட்டுக்கு என்று எடுத்தோம். பிள்ளைகளுக்கு அன்னபூர்ணாவில் ஒரு நெய் ரோஸ்ட்டோ, பூங்காவில் ஒரு சாயங்காலமோ. எல்லாரும் சேர்ந்துதானே உழைக்கிறோம், எல்லாருக்கும் கொஞ்சம் போக வேண்டும்.

12. நிறுத்துவதையும் முறையாகச் செய்யுங்கள்

தொகை சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். மணிக்குக் குறைவாக நிற்கும் வேலையை முதலில் விடுங்கள். நான் நகையை மீட்ட மாதமே மாவை நிறுத்துவதாகச் சொல்லி, வாடிக்கையாளர்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தேன். முன்பணம் கொடுத்திருந்த நாலு வீட்டுக்கு மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தெருவில் மாவு தொடங்கியிருந்த பெண்ணின் நம்பரை எல்லாருக்கும் அனுப்பினேன். நாளைக்கே மறுபடியும் தொடங்க வேண்டி வந்தால் அதே வாசலில் போய் நிற்க முடிய வேண்டும்.

கணக்கு வேலையை விடவில்லை, மூன்று கடையும் இருக்கிறது. கிரைண்டரை விற்க வேண்டாம் என்று அத்தைதான் சொன்னார்கள், கழுவித் துடைத்துப் பரணுக்குக் கீழே வைத்திருக்கிறோம். சாயங்காலம் அந்த அரை மணி நேரம் இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. மகள் இன்னும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறாள், ஆனால் அன்றன்றைக்கே கேட்டு அடித்துவிடுகிறாள்.